கணினிக்குள் ஒரு விருந்தினர்

உரைநடை உலகம்

நுழையும்முன்

விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பது பழம்பொருள். புதியவராய் வருவோரை வரவேற்று, உண்ணவும் தங்கவும் இடமளிப்பதைத் தமிழர் தலையாய அறமாகப் போற்றினர். ஓர் இயக்க அமைப்பு, முற்றிலும் வேறான மற்றோர் இயக்க அமைப்பைத் தன் இல்லத்தில் தங்கவைக்க இயலுமா? இயலும் என்கிறது கணினி அறிவியல். அவ்விருந்தோம்பல் நிகழும் முறையையும், அதனால் கற்போர்க்கும் தமிழுக்கும் விளையும் பயனையும், அதில் காக்கவேண்டிய எச்சரிக்கையையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

குரோம்பேட்டையில் ஒரு தொடக்கம்

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் செல்லும் மின்தொடர்வண்டி குரோம்பேட்டையில் நிற்கும். அந்நிலையத்துக்கு அருகே, 1949இல் தொடங்கப்பெற்ற சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரி அமைந்துள்ளது. அப்துல் கலாமும் எழுத்தாளர் சுஜாதாவும் பயின்ற கல்லூரி அது. இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகமாக விளங்கும் அங்கே ஏ.யூ.-கே.பி.சி. ஆய்வு மையம் இயங்குகிறது. 2005ஆம் ஆண்டு இந்திய அரசின் ஆதரவில் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையம் உருவானபோது, சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவும் இவ்வாய்வு மையமும் அதன் இரு கைகளாயின. அம்முயற்சியின் விளைவாக, லினக்சை அடிப்படையாகக் கொண்ட ‘பாஸ்’ என்னும் இந்திய இயக்க அமைப்பு 2007இல் வெளிவந்தது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் பயன்படுத்துமாறு அது வடிவமைக்கப்பட்டது.

தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அத்திட்டத்தில் வழங்கிய கணினிகள் பலவற்றில் விண்டோஸ், பாஸ் ஆகிய இரண்டு இயக்க அமைப்புகளும் அமைந்திருந்தன. கணினியை இயக்கியவுடன், “எதனைத் திறக்க?” என்னும் வினா திரையில் தோன்றும். மாணவர் பலர் தமக்குப் பழகியதையே தேர்ந்தெடுத்தனர். புதியதைத் தொட்டால் ஏதேனும் கெட்டுவிடுமோ என்னும் தயக்கம் அதற்கு ஒரு காரணம். அத்தயக்கத்தைப் போக்கும் வழியே மெய்நிகர் இயந்திரம்.

இரு குடித்தனமும் விருந்தும்

ஒரு கணினியில் இரண்டு இயக்க அமைப்புகளைத் தனித்தனிப் பகுதிகளில் நிறுவுவது இரட்டைத் தொடக்கம் எனப்படும். ஒரு வீட்டில் இரண்டு குடும்பங்கள் முறைவைத்து வாழ்வது போன்றது அது. ஒன்று விழித்திருக்கும்போது மற்றொன்று உறங்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறக் கணினியை அணைத்து மீண்டும் இயக்கவேண்டும். நிறுவும்போது வட்டைப் பிரிக்கையில் சிறு பிழை நேரினும் முன்பிருந்த கோப்புகள் அழியக்கூடும்.

மெய்நிகர் இயந்திரம் அவ்வாறன்று. விண்டோஸ் இயங்கிக்கொண்டிருக்கும்போதே, அதன் திரையில் திறக்கும் ஒரு சாளரத்துக்குள் லினக்ஸ் முழுமையாக இயங்கும். இடமளிக்கும் அமைப்பை விருந்தோம்பி என்றும், உள்ளே இயங்கும் அமைப்பை விருந்தினர் என்றும் கணினித் துறையினர் வழங்குகின்றனர். இவ்விரண்டுக்கும் இடையே நின்று பங்கீடு செய்யும் மென்பொருளை மெய்நிகராக்கி எனலாம். விர்ச்சுவல்பாக்ஸ், வி.எம்.வேர் ஒர்க்ஸ்டேஷன் ஆகியன இவ்வகையின.

மெய்நிகராக்கி செய்யும் மாயம்

விருந்தினருக்குத் தான் பிறர் இல்லத்தில் இருப்பது தெரியவேண்டியதில்லை. தனக்கென ஒரு செயலி, நினைவகம், வட்டு, வலையட்டை ஆகிய அனைத்தும் இருப்பதாகவே அது கருதிச் செயற்படுகிறது. அவ்வட்டோ விருந்தோம்பியின் வட்டில் இருக்கும் ஒரு பெரிய கோப்பு. அந்நினைவகமோ விருந்தோம்பியின் நினைவகத்திலிருந்து ஒதுக்கப்பட்ட ஒரு பங்கு.

விருந்தினர் பிறப்பிக்கும் கூட்டல், கழித்தல் போன்ற பொதுவான ஆணைகளை உண்மையான செயலியே நேரடியாக நிறைவேற்றுகிறது. ஆதலால் வேகம் பெரிதும் குறைவதில்லை. கணினி முழுமைக்கும் உரிய கட்டுப்பாட்டைத் தொடும் ஆணை வரும்போது மட்டும் மெய்நிகராக்கி இடைமறித்து, விருந்தினரின் எல்லைக்குள் அடங்குமாறு அதனை நிறைவேற்றித் தருகிறது. விருந்தினர் தடுமாறி நின்றுவிட்டாலும் பொதுவாக அச்சாளரம் ஒன்றே நின்றுபோகும், இல்லம் நிலைகுலையாது.

இக்கருத்து புதியதன்று. கணினி ஓர் அறையையே நிறைத்த காலத்தில், ஒரே பொறியைப் பலர் பகிர்ந்துகொள்ளவேண்டிய தேவை இருந்தது. அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் இயங்கிய ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தினர் 1960களில் இதற்கு வழிகண்டனர். ஒவ்வொரு பயனருக்கும் ஒரு முழுக்கணினி இருப்பது போன்ற தோற்றத்தை அவர்கள் உருவாக்கினர். அதன் வளர்ச்சியாக ‘வி.எம்/370’ 1972இல் அறிவிக்கப்பட்டது. மேசைக் கணினிகளுக்கு இவ்வசதி 1999இல் வி.எம்.வேர் வழியாக வந்தது. 2005, 2006ஆம் ஆண்டுகளில் இன்டெல், ஏ.எம்.டி. நிறுவனங்கள் செயலியிலேயே இதற்கான துணையமைப்பைச் சேர்த்தன. 2007இல் விர்ச்சுவல்பாக்ஸ் வெளிவந்தபின் எளிய பயனரும் இதனைக் கையாள முடிந்தது.

தெரிந்து தெளிவோம்

மெய்நிகர் இயந்திரத்துக்குரிய மூன்று இலக்கணங்களை ஜெரால்டு போபெக், ராபர்ட் கோல்டுபெர்க் ஆகியோர் 1974இல் வரையறுத்தனர்.
1. உண்மையான கணினியில் இயங்குவது போன்றே மென்பொருள் அதில் இயங்கவேண்டும்.
2. வளங்கள் யாவும் மெய்நிகராக்கியின் கட்டுப்பாட்டில் இருக்கவேண்டும்.
3. ஆணைகளில் பெரும்பாலானவற்றைச் செயலியே நேரடியாக நிறைவேற்றவேண்டும்.

விருந்துக்கு முன் வீட்டைப் பார்

வீட்டின் வசதிக்கேற்பவே விருந்தினரை அழைக்க இயலும். இரண்டு ஜி.பி. நினைவகம் உள்ள பழைய மடிக்கணினியில் இன்றைய இயக்க அமைப்பு ஒன்றை விருந்தினராக அமர்த்தினால் இருவரும் திணறுவர். எட்டு ஜி.பி. நினைவகம் இருப்பின், மூன்று ஜி.பி.யை விருந்தினருக்கு அளித்து, எஞ்சிய ஐந்தை விருந்தோம்பிக்கு வைத்துக்கொள்ளலாம். முழுவதையும் விருந்தினருக்குக் கொடுத்தால் இல்லத்தார் பட்டினி கிடப்பர். இருவர் பணியும் கெடும்.

நிறுவும் பணி ஐந்து படிகளில் அடங்கும். முதலாவதாக, செயலியின் மெய்நிகராக்கத் துணை இயக்கத்தில் உள்ளதா எனக் கணினியின் பயாஸ் அமைப்பில் காணவேண்டும். இரண்டாவதாக, மெய்நிகராக்கி மென்பொருளை அதன் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து பெற்று நிறுவவேண்டும். மூன்றாவதாக, விருந்தினராகும் இயக்க அமைப்பின் ‘ஐ.எஸ்.ஓ.’ கோப்பைப் பெறவேண்டும். நான்காவதாக, புதிய மெய்நிகர் இயந்திரம் ஒன்றை உருவாக்கி நினைவகத்தையும் வட்டின் அளவையும் குறிக்கவேண்டும். வட்டுக்கு 25 ஜி.பி. எனக் குறித்தாலும், வளரும் வகையைத் தேர்ந்தால், பயன்படுத்தும் அளவுக்கே அக்கோப்பு இடம்பிடிக்கும். ஐந்தாவதாக, அதனை இயக்கி, புதுக்கணினியில் நிறுவுவது போன்றே இயக்க அமைப்பை நிறுவவேண்டும். “வட்டிலுள்ள அனைத்தையும் அழிக்கவா?” என்று நிறுவல் நிரல் கேட்கும்போது அஞ்சவேண்டுவதில்லை. அது குறிப்பிடுவது மெய்நிகர் வட்டையே.

உபுண்டு, பாஸ் போன்றவை விலையின்றிக் கிடைப்பவை. விண்டோசை விருந்தினராக அமர்த்தினால் அதற்கும் உரிமம் தேவை. விருந்தினர் என்பதற்காக உரிமம் விலக்கப்படுவதில்லை.

அச்சமின்றிக் கற்றல்

நீச்சலைக் கரையில் நின்று கற்க இயலாது. எனினும் முதல் நாளே கடலில் இறக்குவார் எவருமில்லை; ஆழம் குறைந்த குளமே பயிற்சிக்கு ஏற்றது. கணினி கற்போர்க்கு மெய்நிகர் இயந்திரம் அத்தகைய குளம்.

தாம்பரத்தில் வாழும் மாணவி ஒருத்தியின் இல்லத்தில் ஒரே ஒரு மடிக்கணினி உள்ளதெனக் கொள்வோம். அதில் தந்தையின் கடைக்கணக்கும் அக்காவின் கல்லூரித் திட்டக்கட்டுரையும் இருக்கின்றன. லினக்ஸ் கற்க அவளுக்கு ஆர்வமுண்டு. ஆயினும், “தவறிப்போய் எதையாவது அழித்துவிட்டால்?” என்னும் அச்சம் அவளைத் தடுக்கிறது. மெய்நிகர் இயந்திரத்துக்குள் அவள் கட்டளைகளை எழுதிப் பார்க்கலாம். கோப்புகளை அழித்துப் பார்க்கலாம். அமைப்பையே சிதைத்துப் பார்த்து, ஏன் சிதைந்தது என ஆராயலாம். குடும்பத்தின் கோப்புறைகளை விருந்தினரோடு பகிராதவரை அவளது பிழை அங்கே செல்லாது.

நிலைப்பதிவு என்னும் வசதி இதற்கு மேலும் துணைபுரிகிறது. ஸ்னாப்ஷாட் என வழங்கும் இது, விருந்தினரின் அப்போதைய நிலையைப் பதிந்துவைக்கும். புதிய முயற்சிக்கு முன் ஒருமுறை பதிந்துகொண்டால், பிழை நேர்ந்தபின் சில நொடிகளில் பழைய நிலைக்குத் திரும்பலாம். தாம்பரம் ஏற்றுமதி மண்டலமான மெப்ஸிலும் பழைய மகாபலிபுரம் சாலையிலும் உள்ள நிறுவனங்களில் மென்பொருள் சோதிப்போர்க்கு இது அன்றாடக் கருவி. சிறுசேரியில் அமைந்துள்ள தரவு மையங்கள் போன்றவற்றில் ஒரே வழங்கிக் கணினி பல மெய்நிகர் இயந்திரங்களைத் தாங்குவதும் இக்கோட்பாட்டின் வழியிலேயே.

பழைய தமிழைத் திறக்கும் சாவி

கற்பதற்கு உதவும் இக்கருவி, காப்பதற்கும் உதவும். ஒருங்குறி பரவுவதற்கு முன், 1990களில் தமிழைக் கணினியில் தட்டச்சிட நூற்றுக்கு மேற்பட்ட எழுத்துருக்கள் வழங்கின. அவற்றுக்கிடையே பொதுவான குறியாக்கம் இல்லை. இன்று ஒருங்குறியில் அகரத்துக்கு 2949 என்னும் எண் உலகெங்கும் ஒன்றே. அன்றோ, ஓர் எழுத்துருவில் அகரம் அமர்ந்த எண்ணில் மற்றோர் எழுத்துருவில் வேறெழுத்து அமர்ந்திருக்கும். உரிய எழுத்துரு இல்லாத கணினியில் அக்கோப்பைத் திறந்தால், பொருளற்ற அயல்மொழி எழுத்துகளே தோன்றும்.

இச்சிக்கலைத் தீர்க்க 1999இல் சென்னையில் நிகழ்ந்த தமிழ்இணையம் மாநாட்டைத் தொடர்ந்து டாம், டாப் குறியாக்கங்களும் தமிழ்99 விசைப்பலகையும் தரமாக்கப்பட்டன. 2010இல் ஒருங்குறியைத் தமிழ்நாடு அரசு தரமாக ஏற்றது. ஆயினும் முன்னர்த் தட்டச்சிட்டவை அப்படியே எஞ்சின. சிற்றூர் அச்சகங்களின் பழைய வட்டுகளில் கோயில் தலவரலாறுகளும் பள்ளி ஆண்டுமலர்களும் சிற்றிதழ்களும் பேஜ்மேக்கர் கோப்புகளாய் உறங்குகின்றன. அம்மென்பொருளின் இறுதிப் பதிப்பு 2001இல் வெளியானது. இன்றைய இயக்க அமைப்புகளில் அது பலவேளை ஒழுங்காக இயங்குவதில்லை.

அத்தகைய கோப்பை மீட்கப் பழைய கணினியைத் தேடி அலையவேண்டுவதில்லை. உரிமம் பெற்ற பழைய விண்டோசை விருந்தினராக நிறுவி, பழைய மென்பொருளையும் எழுத்துருவையும் அதில் சேர்த்தால், கோப்பு தன் பழைய வடிவிலேயே திறக்கும். அதன் உரையை வெளியே எடுத்து, குறியாக்க மாற்றியின் துணையால் ஒருங்குறிக்கு மாற்றி, அச்சுப்படியோடு ஒப்பிட்டுத் திருத்தலாம். ஒன்றை மட்டும் மறத்தல் கூடாது. விண்டோஸ் எக்ஸ்.பி.க்கான பாதுகாப்பு ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்று நிறைவுற்றது. ஆகவே அத்தகைய விருந்தினருக்கு இணைய இணைப்பைத் துண்டித்தே வைக்கவேண்டும்.

ஏட்டுச்சுவடிகளைத் தேடி ஊர் ஊராய் அலைந்தவர் உ.வே.சாமிநாதையர். செல்லரித்த ஏட்டைப்போலவே, திறக்க இயலாத கோப்பும் இழந்த நூலே. அதனைப் படிக்கத் தரும் பணி இத்தலைமுறையினருடையது.

வெள்ளம் கற்பித்த பாடம்

2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. அடையாற்றின் வெள்ளம் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகளைச் சூழ்ந்தது. அத்தகைய வெள்ளத்தில் மூழ்கும் கணினியோடு அதனுள் இருக்கும் அனைத்தும் மூழ்கும். விருந்தினரும் அதற்கு விலக்கல்லர்.

நிலைப்பதிவு இருக்கிறதே என்று சிலர் அமைதிகொள்வர். நிலைப்பதிவு பிழையிலிருந்து மீட்கும், இழப்பிலிருந்து மீட்காது. அது இயல்பாக அதே வட்டில், அதே கூரையின்கீழ் இருப்பது. மெய்நிகர் இயந்திரத்தின் சிறப்பே அது கோப்பாக இருப்பதுதான். ‘ஓ.வி.ஏ.’ என்னும் ஒற்றைக் கோப்பாக அதனை ஏற்றுமதி செய்து, புறவட்டு ஒன்றில் வேறோர் இடத்தில் வைத்திருந்தால், கணினி அழிந்தாலும் மற்றொரு கணினியில் அதனை மீண்டும் எழுப்பலாம்.

கற்பதற்கு அச்சம் வேண்டா. காப்பதற்கு அலட்சியம் கூடாது. கணினிக்குள் வந்த விருந்தினர் நமக்கு உணர்த்தும் இருபெரும் உண்மைகள் இவை.

கலைச்சொல் அறிவோம்

மெய்நிகர் இயந்திரம் – விர்ச்சுவல் மெஷின்
மெய்நிகராக்கி – ஹைப்பர்வைசர்
நிலைப்பதிவு – ஸ்னாப்ஷாட்
இரட்டைத் தொடக்கம் – டூயல் பூட்
ஒருங்குறி – யூனிகோடு

கற்பவை கற்றபின்

1. பள்ளிக் கணினி ஆய்வகத்தில் ஆசிரியர் துணையுடன் லினக்ஸ் இயக்க அமைப்பு ஒன்றை மெய்நிகர் இயந்திரத்தில் நிறுவி, பட்டறிவை ஒரு பக்க அளவில் எழுதுக.
2. உங்கள் ஊர் அச்சகத்திலோ பள்ளியிலோ பழைய எழுத்துருவில் அமைந்த தமிழ்க் கோப்பு ஒன்றைக் கண்டறிந்து, அதனை ஒருங்குறிக்கு மாற்றி வகுப்பறையில் காட்சிப்படுத்துக.

மதிப்பீடு

பலவுள் தெரிக
1. மெய்நிகர் இயந்திரத்தின் வட்டு என்பது, விருந்தோம்பியின் வட்டில் உள்ள
அ) தனிச் செயலி ஆ) பெரிய கோப்பு இ) எழுத்துரு ஈ) விசைப்பலகை

குறுவினா
1. விருந்தோம்பி, விருந்தினர் – கணினித் துறையில் இச்சொற்கள் குறிப்பன யாவை?
2. பழைய இயக்க அமைப்பை விருந்தினராக வைக்கும்போது இணைய இணைப்பைத் துண்டிப்பது ஏன்?

சிறுவினா
1. இரட்டைத் தொடக்கத்துக்கும் மெய்நிகர் இயந்திரத்துக்கும் உள்ள வேறுபாடுகளை விளக்குக.
2. ‘நிலைப்பதிவு பிழையிலிருந்து மீட்கும்; இழப்பிலிருந்து மீட்காது’ – இடம்சுட்டிப் பொருள் விளக்குக.

நெடுவினா
1. கற்றலுக்கும் தமிழ் ஆவணங்களைக் காத்தலுக்கும் மெய்நிகர் இயந்திரம் துணைபுரியும் வகையைத் தொகுத்து எழுதுக.