பில் நடந்த வழி: வணிகர்களுக்கு ஒரு கணக்குப் பாடம்



நம் கடைகளில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. சரக்கு விற்கிறது, ஏட்டில் லாபமும் தெரிகிறது. ஆயினும் சரக்குக் கொடுத்தவருக்கு உரிய நாளில் பணம் போய்ச் சேருவதில்லை. அவர் ஆள் அனுப்புகிறார். பிறகு அவரே வருகிறார். ஏன் இப்படி என்று கணக்கப்பிள்ளையைக் கேட்டால், கிட்டங்கியிலிருந்து சீட்டு வரவில்லை என்பார். கிட்டங்கிக்காரரைக் கேட்டால், சீட்டை அன்றைக்கே அனுப்பிவிட்டேன் என்பார். முதலாளியோ இருவர் மீதும் குறை காண்பார்.

இம்மூவரில் எவரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தம் கைக்கு வந்ததை மட்டும் கண்டவர்கள். பில்லோடு கூடவே முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை நடந்து சென்றவர் எவருமில்லை. அப்படி நடந்து பார்க்கும் கலைக்குத்தான் இன்று 'பிராசஸ் மைனிங்' என்று பெயர் வழங்குகிறது. சுரங்கத்தைத் தோண்டித் தாதுப்பொருளை எடுப்பதைப் போல, கடையில் கிடக்கும் பதிவுகளைத் தோண்டி, வேலை உண்மையில் நடந்த வழியை எடுத்துக் காண்பது என்பது இதன் பொருள். இதனை எளிய முறையில் விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

எவ்வளவு என்பதும் எப்பொழுது என்பதும்

எழுதி வைக்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று. தவணைக் கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு திருக்குர்ஆன் சூரத்துல் பகராவின் 282-ஆம் வசனம் கட்டளையிடுகிறது. திருமறையின் மிக நீண்ட வசனமும் அதுவே. நம் முன்னோர் பேரேடும் பற்று வரவும் எழுதியே வியாபாரம் செய்தார்கள்.

ஆனால் பேரேடு சொல்வது 'யாருக்கு, எவ்வளவு' என்பதை. அந்தத் தொகை எந்தெந்தக் கைகளைக் கடந்து, எங்கெங்கே எத்தனை நாள் தங்கி வந்தது என்பதைப் பேரேடு சொல்லாது. அதனைச் சொல்பவை வேறு பதிவுகள்: ரப்பர் முத்திரையிலுள்ள தேதி, டெலிவரி ஆர்டரின் கையொப்பம், செக் அடிக்கட்டை, கம்ப்யூட்டர் தானாகவே குறித்துக்கொள்ளும் நேரம். இவற்றை நாம் வைத்திருக்கிறோம், வரிசைப்படுத்திப் படிப்பதில்லை.

இக்கலை பிறந்த விதம்

இதனைத் தனிக் கலையாக வளர்த்தவர்களில் முதன்மையானவர் நெதர்லாந்து நாட்டுப் பேராசிரியர் வில் வான் டெர் ஆல்ஸ்ட். 1990-களின் இறுதியில் ஐண்ட்ஹோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இவ்வாராய்ச்சி தொடங்கிற்று. 2004-இல் அவரும் அவருடைய தோழர்களும் 'ஆல்ஃபா' என்னும் முறையை விளக்கி வெளியிட்டார்கள். 2011-இல் இத்துறையின் கொள்கை விளக்கம் ஒன்று பல நாட்டு அறிஞர்களின் ஒப்பத்தோடு வெளிவந்தது.

ஆல்ஃபா முறையின் அடிப்படை நமக்கும் எளிதில் விளங்கக்கூடியது. எல்லாப் பதிவுகளிலும் 'சரிபார்த்தல்' முடிந்த பிறகே 'கையொப்பம்' வருகிறது, ஒருபோதும் முன்னால் வருவதில்லை என்றால், ஒன்று மற்றொன்றைச் சார்ந்தது என்று அது கொள்ளும். 'பில் வந்தது', 'சரக்கு வந்தது' என்னும் இரண்டும் சிலமுறை இப்படியும் சிலமுறை அப்படியும் மாறி வந்தால், அவை ஒன்றையொன்று சாராமல் நடப்பவை என்று கொள்ளும். இவ்வாறு முன்பின் உறவுகளைக் கோத்து முழு நடைமுறையையும் ஒரு படமாக வரைந்துவிடும். எவருடைய அபிப்பிராயத்தையும் கேட்காமல் பதிவுகளிலிருந்தே படம் எழுகிறது என்பதுதான் இதன் சிறப்பு.

மூன்று பத்திகள் போதும்

இதற்கு வேண்டிய பதிவில் மூன்று பத்திகள் அவசியம். முதலாவது, எந்தக் காரியம் என்பதைக் காட்டும் எண். நம் விஷயத்தில் பில் நம்பர். இரண்டாவது, என்ன வேலை நடந்தது. மூன்றாவது, எப்பொழுது நடந்தது. நான்காவதாக, யார் செய்தார் என்பதும் இருந்தால் உதவும். ஆனால் அது இல்லாமலும் தொடங்கலாம்.

ஒரே நம்பருக்குரிய வரிகளைத் தேதிவாரியாக அடுக்கினால் அந்தப் பில் நடந்த வழி கிடைக்கும். எல்லாப் பில்களின் வழிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் கடையின் நடைமுறை தெரியும். இப்படத்தைக் கொண்டு மூன்று காரியங்கள் செய்யலாம். முதலாவது கண்டறிதல், அதாவது வேலை உண்மையில் எப்படி நடக்கிறது என்று காண்பது. இரண்டாவது ஒப்பிடுதல், அதாவது நாம் வகுத்த விதிக்கு அது பொருந்துகிறதா என்று பார்ப்பது. மூன்றாவது செம்மை செய்தல், அதாவது தாமதமும் வீண் வேலையும் எங்கே என்று அறிந்து திருத்துவது.

ஒரு பெயிண்ட் ஸ்தாபனத்தின் உதாரணம்

இக்கலையைப் பயில்வோருக்காக உண்மையான ஸ்தாபனங்களின் பதிவுகள் பெயர் மறைத்து வெளியிடப்படுவதுண்டு. 2019-இல் அவ்வாறு வெளியானது, நெதர்லாந்திலிருந்து இயங்கும் ஒரு பெரிய பெயிண்ட் ஸ்தாபனத்தின் கொள்முதல் பதிவு. அதில் 76,349 கொள்முதல் ஆவணங்கள். அவற்றுள் 2,51,734 சரக்கு வரிகள். நடந்த வேலைகளின் பதிவுகள் 15,95,923. இவ்வளவு வேலையையும் செய்தவர்கள் 607 மனிதர்களும் 20 தானியங்கிக் கணக்குகளும்.

தொகை பெரிதேயாயினும் விஷயம் நம் கடை விஷயமேயாகும்: ஆர்டர் கொடுத்தோம், சரக்கு வந்தது, பில் வந்தது, மூன்றும் ஒத்திருக்கின்றனவா? அங்கே இதற்கு நால்வகை வழிகள் இருந்தன. சரக்கு வந்த பிறகே பில்லை ஏற்று, ஆர்டர், சரக்கு, பில் மூன்றையும் ஒப்பிடுவது ஒன்று. பில்லை முன்னதாகவே பதிந்து, சரக்கு வரும் வரை பணத்தை நிறுத்தி வைத்து மூன்றையும் ஒப்பிடுவது மற்றொன்று. சரக்கு வரவுச் சீட்டு தேவைப்படாமல் ஆர்டரையும் பில்லையும் மட்டும் ஒப்பிடுவது மூன்றாவது. விற்பனைக்காகக் கொடுத்து வைக்கும் சரக்கு நான்காவது. அதற்குப் பில் வேறு வழியில் முடிக்கப்படுவதால் இப்பதிவில் பில்லே இல்லை.

இங்கே நாம் கற்க வேண்டிய பாடம் யாதெனில், நான்கு வழிகளையும் ஒரே அளவுகோலால் அளந்தால் தவறான முடிவே கிடைக்கும். நான்காம் வகையில் பில் இல்லாதது குற்றமன்று. முதல் வகையில் பில் இல்லாமல் பணம் போயிருந்தால் அது குற்றம். ஆகவே, அளப்பதற்கு முன் வகை பிரிக்க வேண்டும். ரொக்கக் கொள்முதலையும் தவணைக் கொள்முதலையும் ஒன்றாகப் போட்டுச் சராசரி காண்பவர் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்கிறார்.

என் கடையில் கண்டது

நான் ஒரு சிறிய மொத்த வியாபாரி. மசாலாச் சரக்குகள் விற்பவன். எங்களுக்குச் சரக்குக் கொடுப்பவர்கள் 14 நாள் தவணை தருவார்கள். பணம் தாமதமாகிறது என்று புகார் வந்தபோதெல்லாம் கணக்கு எழுதும் தம்பியையே கண்டித்து வந்தேன். ஒருநாள் சரக்குக்காரர் முன்னிலையிலேயே கடிந்து பேசிவிட்டேன். அப்பொழுது அவர் மெல்லிய குரலில், "நானா, பில்லு உங்க மேசையிலதான் இருக்கு" என்றார். நான் அதைக் காதில் வாங்கவில்லை.

பிறகு இக்கலையைப் பற்றிப் படித்து, மூன்று மாதத்துப் பில்கள் 60-ஐ எடுத்து வரிசைப்படுத்தினோம். 41 பில்கள் நேர்வழியில் சென்றிருந்தன. 12 பில்கள் எடை ஒத்துவராமல் கிட்டங்கிக்கு ஒருமுறை திரும்பிப் போயிருந்தன. 7 பில்களுக்குச் செக் முதலில் எழுதப்பட்டு, என் கையொப்பம் பின்னர் இடப்பட்டிருந்தது. நம் கடையில் இப்படி நடப்பதே இல்லை என்று நான் சத்தியம் செய்திருப்பேன்.

நேர்வழி சென்ற 41 பில்களை மட்டும் எடுத்து நாட்களை எண்ணினோம். பில் வந்து சரிபார்க்கச் சராசரி 3 நாள். சரிபார்த்த பின் என் கையொப்பம் பெற 11 நாள். கையொப்பத்திலிருந்து செக் எழுத 2 நாள். செக் போய்ச் சேர 2 நாள். ஆக 18 நாள். தம்பியின் கையில் பில் இருந்தது சரிபார்க்கும் 3 நாளும் செக் எழுதும் 2 நாளும் மட்டுமே. என் மேசையில் இருந்தது 11 நாள்.

திரும்பிப் போன 12 பில்களில் 9 ஒரே சரக்குக்காரருடையவை. அவர் மூட்டைக் கணக்கில் பில் போடுகிறார். எங்கள் கிட்டங்கியில் கிலோக் கணக்கில் நிறுத்து எழுதுகிறோம். யாரும் திருடவில்லை, யாரும் சோம்பவில்லை. இரண்டு அளவுகள் மோதிக்கொண்டிருந்தன, அவ்வளவே.

பரிகாரம் சுலபமாயிருந்தது. திங்கள், வியாழன் இரண்டு நாளும் காலையில் கையொப்பத்துக்கென்று அரைமணி நேரம் ஒதுக்கினேன். அந்தச் சரக்குக்காரரிடம் மூட்டையோடு கிலோவையும் எழுதுமாறு கேட்டுக்கொண்டோம். கையொப்பமில்லாமல் செக் எழுதுவதில்லை என்று அவசரமாகக் கேட்ட எனக்கும் சேர்த்தே விதி வகுத்தோம். அடுத்த மூன்று மாதத்தில் கையொப்பத்துக்கு ஆன நாள் 11-லிருந்து 3 ஆயிற்று. மொத்தம் 10 நாளில் பணம் போய்ச் சேர்ந்தது.

ஆனால் முதலில் செய்ய வேண்டிய வேலை வேறொன்று இருந்தது. பிறர் முன்னிலையில் கடிந்த தம்பியிடம், அதே பிறர் முன்னிலையில் மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "பரவாயில்லை நானா" என்றார். அல்லாஹ் என்னை மன்னிப்பானாக!

எச்சரிக்கைகள்

இனி, இம்முறையில் தவறு நேரக்கூடிய இடங்களையும் சொல்ல வேண்டும்.

முதலாவது, பதிந்த நேரமும் நடந்த நேரமும் ஒன்றல்ல. பகலில் வந்த பில்களையெல்லாம் மாலை ஆறு மணிக்கு ஒரே மூச்சாகக் கம்ப்யூட்டரில் ஏற்றினால், எல்லாம் ஆறு மணிக்கே நடந்ததாகத் தோன்றும். அப்படிப்பட்ட பதிவில் நாட்களை எண்ணலாம், மணிகளை எண்ணக்கூடாது.

இரண்டாவது, ஒரு பில் மூன்று ஆர்டர்களுக்குச் சேர்த்து வரலாம். அப்பொழுது நாம் பின்தொடர்வது பில்லையா, ஆர்டரையா என்பதை முன்னதாகவே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது, சராசரி ஏமாற்றும். இரண்டு பில்கள் 40 நாள் கிடந்தால் மொத்தச் சராசரியும் ஏறிவிடும். ஆகவே மிக நீண்டவற்றைத் தனியே எடுத்துக் காரணம் கேட்க வேண்டும்.

நான்காவது, டெலிபோனில் சொன்னதும் வாய்மொழியாக ஒப்புக்கொண்டதும் பதிவில் இரா. ஆதலால் படத்தைக் கண்டவுடன் தீர்ப்புச் சொல்லாமல், வேலை செய்பவரை அழைத்து, இது இப்படித் தெரிகிறதே, காரணம் என்ன என்று கேட்பதே முறை.

ஐந்தாவது, இதுவே முக்கியமானது. இக்கலை வேலையின் வழியைக் காண்பதற்கு. சிப்பந்திகளை உளவு பார்ப்பதற்கன்று. சந்தேகங்களைத் தவிர்க்கும்படியும் பிறர் குறைகளைத் துருவித் தேடாதிருக்கும்படியும் சூரத்துல் ஹுஜுராத்தின் 12-ஆம் வசனம் நம்மை எச்சரிக்கிறது. நாட்டுச் சட்டமும் உண்டு: மலேசியாவில் 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சிங்கப்பூரில் 2012-ஆம் ஆண்டின் சட்டம். ஆகவே தொடக்கத்தில் ஆள் பெயர்களை நீக்கிவிட்டு வேலையின் பெயர்களை மட்டும் வைத்துப் பார்ப்பது நன்று.

தொடங்கும் விதம்

மலேசியாவில் 2024 ஆகஸ்டு 1 முதல், ஆண்டு வரவு 10 கோடி ரிங்கிட்டுக்கு மேற்பட்ட ஸ்தாபனங்களுக்கு மின் பில் கட்டாயமாயிற்று; பின்னர் அதற்குக் குறைந்த வரவுள்ளோருக்கும் படிப்படியாக விரிந்தது. மின் பில் ஒவ்வொன்றிலும் நேரம் பதிகிறது. வரிக்காகச் செய்ய வேண்டிய வேலையை நம் கடையைத் திருத்தவும் உபயோகித்துக்கொள்ளலாமன்றோ?

பெரிய ஸ்தாபனங்களுக்கென்று விலையுள்ள மென்பொருள்கள் உள்ளன. ஐண்ட்ஹோவனில் உருவான 'புரோம்' என்னும் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் 60 பில்களுக்கு எக்செல் தாளோ, கோடு போட்ட நோட்டுப் புத்தகமோ போதும்.

பயிற்சி

1. சென்ற மாதத்தில் பணம் கொடுத்து முடித்த 20 பில்களை எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் வந்த நாள், சரிபார்த்த நாள், கையொப்ப நாள், செக் நாள் ஆகியவற்றை எழுதுங்கள்.

2. தேதிகளைப் பார்க்குமுன், எந்த இடத்தில் அதிக நாள் ஆகியிருக்கும் என்று ஒரு தாளில் எழுதி மடித்து வையுங்கள்.

3. நாட்களை எண்ணியபின் அத்தாளைப் பிரித்துப் பாருங்கள்.

4. நேர்வழி செல்லாத பில்களைப் பிரித்து, அவற்றுள் பொதுவாக இருப்பது யாது என்று காணுங்கள்.

வாங்கிய சரக்குக்கு உரிய நாளில் பணம் கொடுப்பது வெறும் வியாபார சாமர்த்தியமன்று, அது அமானிதம். நம்மிடம் உழைப்பவரை வீண் பழியிலிருந்து காப்பதும் அவ்வாறே. வல்ல நாயன் நம் தொழிலில் பரக்கத்தையும் நம் கணக்கில் நேர்மையையும் தந்தருள்வானாக! ஆமீன்.