பித்தளைக் குழாய்க்குள் நாலு கண்ணாடி

அன்புள்ள தம்பிக்கு,

அறந்தாங்கியிலிருந்து நீங்கள் எழுதிய கடிதமும் கூட வைத்திருந்த மூன்று படங்களும் கிடைத்தன. தாத்தாவின் ஸ்டுடியோ பரணிலிருந்து இறக்கிய தேக்குமரப் பெட்டிக் கேமரா, அதன் முகத்தில் களிம்பேறிய பித்தளை லென்ஸ். “உள்ளே பால் ஊற்றின மாதிரி வெளுத்திருக்கிறது. பழைய பித்தளைக்குப் போட்டுவிடலாமா, நானே கழற்றிப் பார்க்கலாமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். இதே கேள்வியை வேறு சிலரும் கேட்டிருப்பதால் பதிலைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

கழற்றுங்கள். ஆனால் இன்றைக்கு வேண்டாம். ஒரு வாரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். சாயங்காலம் விளக்கை அணைத்துவிட்டு, ஒரு சின்ன டார்ச்சை லென்ஸின் முன்னால் சாய்த்துப் பிடியுங்கள். கண்ணாடிக்குள் வெளிச்சப் புள்ளிகள் தெரியும். உங்களுடையது ரேபிட் ரெக்டிலீனியர் வகை என்று நினைக்கிறேன். 1866இல் லண்டனில் டால்மேயரும் மியூனிக்கில் ஸ்டைன்ஹைலும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் கொண்டுவந்த அமைப்பு அது. நடுவில் துவாரம், இந்தப் பக்கம் இரண்டு கண்ணாடி ஒட்டிய ஒரு ஜோடி, அந்தப் பக்கம் அதே மாதிரி இன்னொரு ஜோடி. ஆக, மொத்தம் நாலு கண்ணாடி. அப்படியானால் ஒவ்வொரு ஜோடியிலும் பளிச்சென்று இரண்டு புள்ளியும், மிக மங்கலாக ஒரு புள்ளியும் தெரிய வேண்டும். அந்த மங்கல் புள்ளிதான் ஒட்டு. அதுவும் பளிச்சென்று தெரிந்தால் ஒட்டு விட்டுப்போய் உள்ளே காற்று புகுந்துவிட்டது என்று அர்த்தம். உங்கள் இரண்டாவது படத்தில் ஓரத்தில் வானவில் மாதிரி வளையம் வளையமாகத் தெரிகிறதே, அதுவும் இதே நோய்தான்.

சிலந்தி நூல் பின்னினாற்போல் கிளைவிட்டிருப்பது பூஞ்சை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நம் மாவட்டத்தைப் புரட்டிப்போட்டபோது எங்கள் வீட்டு ஓடும் போயிற்று. கரண்ட் வரவே நாளாயிற்று. தென்னை விழுந்த கவலையில் அலமாரிக்குள் நனைந்து கிடந்த தோல் பையை யார் நினைத்தார்கள்? பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது திறந்தேன். உள்ளேயிருந்த லென்ஸில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு வெள்ளை வலை. இருட்டும் ஈரமும் தோலும் சேர்ந்தால் பூஞ்சைக்கு வேறு எதுவும் வேண்டாம். அது கக்குகிற அமிலம் நாள்பட நாள்பட கண்ணாடியையே அரித்துவிடும். அதனால் உங்களிடமும் தோல் பை இருந்தால் அதைத் தூரப் போடுங்கள். லென்ஸை மட்டும் எடுத்து வெளிச்சமும் காற்றும் படுகிற இடத்தில் வையுங்கள்.

பழைய லென்ஸ் கழற்றுவதற்கென்றே செய்தது. எல்லாம் மரைதான். ஆனால் நூறு வருஷ மரை இறுகிப்போயிருக்கும். பிளையரைத் தொடாதீர்கள், பித்தளை மெல்லிசு, கொஞ்சம் நசுங்கி வட்டம் போனால் பிறகு எந்தக் காலத்திலும் கழலாது. பழைய சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டி இரண்டு கைக்கும் சுற்றிக்கொள்ளுங்கள். தையல் மிஷின் எண்ணெயை ஊசி முனையில் தொட்டு, மரை சேருகிற கோட்டில் மட்டும் வைத்து, ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் உள்ளங்கை முழுவதும் பதியப் பிடித்துத் திருகுங்கள். விரல் நுனியால் அழுத்தினால் குழாய் முட்டை வடிவமாகி இன்னும் இறுகும். அசையவில்லையா? மறுபடி ஒரு சொட்டு, மறுபடி ஒரு ராத்திரி. எனக்கு ஒரு லென்ஸ் பதினோரு நாள் எடுத்துக்கொண்டது.

எவர்சில்வர் தாம்பாளத்தில் பழைய வேட்டியை விரித்து, அதன்மேல் வைத்து வேலை செய்யுங்கள். கண்ணாடி வெளியே வந்ததும் துடைக்கத் தோன்றும், துடைக்காதீர்கள். முதலில் அதன் விளிம்பைப் பாருங்கள். செய்தவரே பென்சிலால் ஓர் அம்போ எண்ணோ போட்டிருக்கலாம். இல்லையென்றால் நீங்கள் போடுங்கள்: எது முன்பக்கம், எது எதன் மேல் எந்தத் திசையில் உட்கார்ந்திருந்தது என்று. இரண்டு ஜோடியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். மாற்றிப்போட்டுவிட்டால் மறுபடி பிரிக்க வேண்டிவரும்.

தூசியை ஊதும் பல்பால் ஊதி எடுங்கள், வாயால் வேண்டாம். பிறகு இன்வெர்ட்டருக்கு ஊற்றுகிற பேட்டரி தண்ணீரில் ஒரு சொட்டு ஷாம்பு, அதில் பஞ்சை நனைத்து, அழுத்தாமல், நடுவிலிருந்து ஓரத்துக்கு. பூஞ்சைக்கு மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடு போதும். வலை போன பிறகும் தடம் இருந்தால் அது அரித்த தழும்பு, விட்டுவிடுங்கள். லென்ஸின் ஒவ்வொரு புள்ளியும் படம் முழுவதற்கும் வெளிச்சம் அனுப்புகிறது. அதனால் ஒரு கீறல் படத்தில் கீறலாக விழாது. கீறல் ஆழமாக இருந்து வெளிச்சத்தைச் சிதறடித்தால் அதில் கறுப்பு மையைத் தடவி அடைத்துவிடுவது பழைய ஸ்டுடியோக்காரர்களின் வழக்கம்.

இன்னொன்று. கண்ணாடியின் மேல் மயில்கழுத்து நிறத்தில் லேசாக ஒரு சாயல் தெரிந்தால் அதை அழுக்கென்று எண்ணித் தேய்த்துவிடாதீர்கள். 1890களில் யார்க் நகரத்தில் லென்ஸ் செய்த டென்னிஸ் டெய்லர் என்பவர் இதைக் கவனித்தார். வயதாகி நிறம் ஏறிய கண்ணாடி புதுக் கண்ணாடியைவிட அதிக வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. பூச்சில்லாத கண்ணாடி ஒவ்வொரு முகத்திலும் ஏறத்தாழ 4 சதவீத வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பிவிடும். வயது தந்த அந்த மெல்லிய படலம் அதைக் குறைக்கிறது. இன்றைய லென்ஸ்களுக்குத் தொழிற்சாலையில் பூச்சுக் கொடுக்கிறார்களே, அந்த அறிவின் தொடக்கம் இந்த நிறமேறிய கண்ணாடியில்தான். உங்கள் தாத்தாவின் லென்ஸுக்குக் காலமே அதைச் செய்து கொடுத்திருக்கலாம்.

இனி ஒட்டு. அந்தக் காலத்தில் கனடா பால்சம் என்கிற மரப்பிசினால் ஒட்டினார்கள். கண்ணாடி ஒளியை எவ்வளவு வளைக்குமோ கிட்டத்தட்ட அவ்வளவே பிசினும் வளைக்கும், அதனால் ஒட்டு கண்ணுக்குத் தெரிவதில்லை. சூட்டுக்கு இளகும். ஒரு பாத்திரத்தின் அடியில் துணி போட்டு, கண்ணாடியைப் பச்சைத் தண்ணீரில் வைத்து, அதன் பிறகுதான் அடுப்பைச் சின்னதாகப் பற்றவைக்க வேண்டும். முதல் தடவை நான் அவசரப்பட்டுச் சுடுதண்ணீரில் நேராகப் போட்டேன். ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நூற்றுப்பத்து வருஷத்துக் கண்ணாடி குறுக்கே விரிசல் விட்டுவிட்டது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. தண்ணீரோடு சேர்ந்து சூடேறட்டும். இளகியதும் கையுறை போட்டுக்கொண்டு பக்கவாட்டில் நகர்த்துங்கள். பிளேடால் நெம்பாதீர்கள். பிரிந்த கண்ணாடியும் தானாகவே ஆறட்டும். மிச்சப் பிசினை அசிட்டோன் கரைத்துவிடும். ஆனால் பெராக்சைடு வேலையை முடித்து, பாட்டிலை வேறு அறையில் வைத்த பிறகே அசிட்டோனைத் திறக்க வேண்டும். இரண்டும் கலந்தால் வெடிக்கும் பொருள் உண்டாகும். இதில் விளையாட்டே கூடாது.

திரும்ப ஒட்ட, புற ஊதா ஒளியில் இறுகும் பசை கிடைக்கிறது. நம் ஊர் வெயிலில் காட்டினாலே இறுகிவிடும், வேலை சுத்தம். இருந்தும் நான் பால்சத்தையே வைத்துக்கொண்டிருக்கிறேன். கல்லூரித் தாவரவியல் ஆய்வகத்தில் ஸ்லைடு ஒட்டுவது இதே பிசின்தான், ஆய்வகப் பொருள் விற்கிற கடையில் கேட்டால் கிடைக்கும். புதுப்பசை ஒட்டினால் பிரிப்பது பெரும்பாடு. பால்சம் என்றால் இன்னும் அறுபது வருஷம் கழித்து இன்னொருவர் அதே வெந்நீரில் வைத்துத் திறந்துகொள்வார். நமக்கு முன்னால் ஒட்டியவர் நமக்கு அந்த வழியை விட்டுவைத்திருந்தார் அல்லவா? ஸ்லைடுக்கான பிசினில் சைலீன் கலந்திருக்கும். அது தீப்பிடிக்கும், அடுப்பருகே கொண்டுபோகாதீர்கள். வெயிலில் திறந்து வைத்துக் கெட்டியாக விடுங்கள். பிறகு நடுவில் ஒரு சொட்டு, மெல்ல அழுத்தினால் குமிழி ஓரத்துக்கு ஓடிவிடும். ஜோடியைச் சுழற்றியபடி ஒரே விளக்கின் பிம்பங்களைப் பாருங்கள். எதுவும் தள்ளாடாமல் நின்றால் நடு சரி. மொட்டை மாடியில் மணல் நிரப்பிய தகரப் பெட்டிக்குள் வைத்து மூடி, சித்திரை வெயிலில் சில நாள் இருக்கட்டும். மூடாமல் வெயிலில் வைக்கக் கூடாது, லென்ஸ் தீ மூட்டிவிடும்.

துவாரத்தின் இதழ்கள் நகர்ந்தால் அவற்றைத் தொடவே வேண்டாம். எண்ணெய் விட்டால் ஒட்டிக்கொள்ளும்.

பிறகு படம் எடுக்க வேண்டும், அதற்குத்தானே இத்தனையும். ஷட்டர் இல்லையே என்று எழுதியிருக்கிறீர்கள். மூடிதான் ஷட்டர். பெரிய ஃபிலிம் விலை கட்டாது. எக்ஸ்ரே ஃபிலிமை இருட்டில் சிவப்பு விளக்கில் வெட்டிக்கொள்ளலாம், அல்லது ஃபோட்டோ தாளையே நெகட்டிவாகப் போடலாம். தாள் நெகட்டிவ் நம் மண்ணுக்குப் புதிதில்லை. சென்னை ராஜதானியின் அரசுப் புகைப்படக்காரராக இருந்த லினியஸ் ட்ரைப் 1858இல் புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக்கு வந்து, மெழுகு ஏற்றிய பெரிய தாள்களில்தான் படம் எடுத்தார். மூடியைக் கழற்றி, மனசுக்குள் எண்ணி, மூடியை மாட்டுவது. உங்கள் தாத்தாவும் அப்படித்தான் எண்ணியிருப்பார்.

பெட்டியோடு கண்ணாடி நெகட்டிவ்கள் இருப்பதாகவும் சொல்லியிருக்கிறீர்கள். அவற்றைக் கழுவவே கழுவாதீர்கள். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களின் பழைய படங்களைத் தேடி எண்மமாக்கியிருக்கிறது. முதலில் அங்கே எழுதிக் கேளுங்கள்.

அன்புடன்,
புதுக்கோட்டையிலிருந்து உங்கள் அண்ணன்

பி.கு.: மரப்பெட்டியைக் கேட்டு வெள்ளிக்கிழமை ஒருவர் வருகிறார் என்றீர்கள். கொடுப்பதாக இருந்தால் அதற்கு முன் லென்ஸ் மாட்டியிருந்த பலகையைப் பாருங்கள். நாலைந்து சின்னத் திருகாணியில் ஒரு பித்தளை வளையம் இருக்கும். லென்ஸ் அந்த மரையில்தான் உட்காரும். பழைய லென்ஸ்களில் ஒன்றின் வளையம் இன்னொன்றுக்குச் சேருவது அரிது, புதிதாகக் கடைசல் பிடித்தால் செலவும் அதிகம். அதைக் கழற்றி, திருகாணிகளையும் ஒரு தீப்பெட்டியில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.