முதற் பிழையும் அடுத்த நகர்த்தலும்



டோபி காட் நிலையத்தில் இரயிலேறும் நாம், அப்பெயரின் பொருளை எண்ணிப் பார்த்ததுண்டா? 'டோபி' என்பது சலவைத் தொழிலாளியைக் குறிக்கும் இந்திச் சொல். 'காட்' என்றால் படித்துறை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள், அங்கு ஓடிய பிராஸ் பாசா ஓடையில் துணி வெளுத்து, அருகிலிருந்த புல்வெளியில் உலர்த்தினர். கறை பட்டது என்று அவர்கள் துணியை எறிந்துவிடவில்லை. சதுரங்கம் ஆடும் நமக்கும் அந்தப் பொறுமை வேண்டும்.

ஆட்டம் தொடங்கியவுடன் ஒரு குதிரை பறிபோனால், நம்முள் சிலர் முகம் வாடிக் காய்களைக் கலைத்துவிடுகிறோம். வேறு சிலர் பழிவாங்கும் வேகத்தில் இன்னொரு காயையும் இழக்கிறோம். ஆடிய காயைத் திரும்பப் பெற இயலாது என்பது விதி. ஆனால் அடுத்த நகர்த்தல் நம் கையில்தான் உள்ளது. அதை எவ்வாறு பயன்படுத்துவது என்று காண்போம்.

1. அரசியின் அவசரம்

நாம் வெள்ளைக் காய்களுடன் ஆடுகிறோம். இருவரும் அரசனுக்கு முன்னுள்ள காலாளை இரண்டு கட்டம் நகர்த்தினோம். நான்கே நகர்த்தலில் வெல்லும் ஆசையால், அரசியைப் பலகையின் வலது ஓரத்துக்கு அனுப்பினோம். மந்திரியையும் துணைக்கு அழைத்தோம். எதிராளி ஏமாறவில்லை. ஒரு குதிரையால் தம் காலாளைக் காத்தார். மற்றொரு காலாளை ஒரு கட்டம் நகர்த்தி நம் அரசியை விரட்டினார். பின்வாங்கிய அரசி, நம் குதிரை வர வேண்டிய கட்டத்தில் நின்றுகொண்டாள். எதிராளியின் இரண்டாம் குதிரையும் வெளிவந்து, நம் தாக்குதலின் வழியை அடைத்தது.

இனி அரசியை மேலும் அலைய விடலாகாது. குதிரையை அரசனுக்கு நேர் முன்னுள்ள கட்டத்திற்குக் கொண்டு வருவோம். அரசியின் பழைய இடத்திற்கு முன்னுள்ள காலாளை ஒரு கட்டம் நகர்த்தி, இரண்டாம் மந்திரிக்கு வழி திறப்போம். பின்பு அரசனைக் கோட்டை கட்டிக் காப்போம். முதலில் செய்யத் தவறிய வேலைகளை இப்போது செய்வதே பிழைக்கு மருந்து.

2. காய் இழந்தபின்

காலாளுக்கு 1, குதிரைக்கும் மந்திரிக்கும் 3, கோட்டைக்கு 5, அரசிக்கு 9 என மதிப்பிட்டு, இழப்பை முதலில் கணக்கிடுவோம். அரசனையும் காலாள்களையும் நீக்கினால் இருபுறமும் ஏழு காய்கள் இருக்கும். ஒரு குதிரையை இழந்தால், அவருக்கு ஏழு, நமக்கு ஆறு. ஆறு காய்களையும் ஒன்றுக்கொன்று மாற்றிக்கொண்டால், அவருக்கு ஒன்று எஞ்சும். நமக்கு ஏதும் எஞ்சாது! ஆதலால் பின்தங்கியிருக்கும்போது பெரிய காய்களை மாற்றிக்கொள்வதைத் தவிர்ப்போம். காலாள்களை மாற்றலாம், காலாள் எதுவும் எஞ்சாவிடில், வெறும் ஒரு குதிரையைக் கொண்டு எதிராளியால் வெல்ல இயலாது.

3. சென்னைச் சிறுவரின் சான்று

டோபி காட்டிலிருந்து வடகிழக்கு இரயில் தடத்தில் வடக்கே அடுத்த நிலையம் லிட்டில் இந்தியா. தெற்கே சென்றால் நான்காம் நிலையம் ஹார்பர்ஃபிரண்ட். அதற்கு அப்பால் செந்தோசாத் தீவு. அங்குதான் 2024ஆம் ஆண்டின் உலகச் சதுரங்கப் போட்டி நடைபெற்றது. சென்னையைச் சேர்ந்த பதினெட்டு வயதுக் குகேஷ், சீனாவின் டிங் லிரெனை எதிர்த்து ஆடினார்.

நவம்பர் 25இல் நடந்த முதல் ஆட்டத்தில், வெள்ளைக் காய்களுடன் ஆடியும் குகேஷ் தோற்றார். உலகமே பார்த்திருக்க நேர்ந்த தோல்வி அது. எனினும் மறுநாள் அமைதியாக ஆடிச் சமன் செய்தார்; மூன்றாம் ஆட்டத்தில் வென்றார். பதினோராம் ஆட்டத்தில் வென்று முந்தியவர், பன்னிரண்டாம் ஆட்டத்தில் மீண்டும் தோற்றார். டிசம்பர் 12இல் நடந்த பதினான்காம் ஆட்டத்தில், சமநிலையை நோக்கிச் சென்றுகொண்டிருந்த வேளையில் டிங் தம் கோட்டையைத் தவறான கட்டத்தில் வைத்தார். அதுவரை தளராது ஆடிய குகேஷ், அப்பிழையைக் கண்டு வென்றார். ஏழரைக்கு ஆறரை என்ற புள்ளிக் கணக்கில் உலக வாகையர் ஆனார்.

முதல் நாளே மனம் உடைந்திருந்தால் அந்தப் பதினான்காம் ஆட்டம் அவருக்கு வாய்த்திருக்குமா? பிழை செய்யாதவர் எவருமிலர். எதிராளியும் பிழை செய்வார். அதைக் காண, நாம் பலகையின்முன் அமர்ந்திருக்க வேண்டும்.

ஆகவே மாணவ மணிகளே, அடுத்த முறை குதிரை பறிபோனால் கையை மடியில் வைத்துப் பலகையை ஒரு முறை முழுதும் பார்ப்போம். பின்னர் நகர்த்துவோம்.