முகம் மரத்துப்போனால் மணியைப் பாருங்கள்

காலையில் பல் தேய்க்கும்போது ஒரு பக்கக் கன்னம் மரத்துப்போன மாதிரி இருக்கிறது. பல் டாக்டர் ஊசி போட்டால் இருக்குமே, அப்படி. "ஃபேன் காத்து பட்டிருக்கும், கொஞ்சம் படுத்து எழுந்தா சரியாகிடும்" என்பார்கள் வீட்டில். தயவுசெய்து படுக்காதீர்கள்.

ஒற்றைத் தலைவலி உள்ள சிலருக்கும் முகம் மரத்துப்போவது உண்டு. விரல் நுனியில் ஊசி குத்துவது போலத் தொடங்கி, கை வழியே ஏறி உதடு, நாக்கு வரை மெல்ல ஊர்ந்து வரும். கண் முன்னே மின்னல் கோடுகள் தெரியலாம். பெரும்பாலும் 1 மணி நேரத்துக்குள் விலகிவிடும். பக்கவாதம் ஊர்ந்து வருவதில்லை. சுவிட்சை அணைத்த மாதிரி சட்டென்று வரும். பல நேரம் வலியே இருக்காது. வலிக்கவில்லையே என்றுதான் பலரும் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள்.

இதைப் படித்துவிட்டு 'நமக்கு ஒற்றைத் தலைவலிதான்' என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். முதல் முறையாக வந்தாலோ, வழக்கம்போல் இல்லாமல் வந்தாலோ பக்கவாதம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வாய் ஒரு பக்கம் கோணுகிறதா, தூக்கிய கை தானாக இறங்குகிறதா, பேச்சு குழறுகிறதா? மூன்றும் இருக்கணும்னு இல்லை, ஒன்று இருந்தாலே 108-க்குப் போன் செய்யுங்கள். கட்டணம் கிடையாது. காப்பீட்டு அட்டையைத் தேடி நிற்க வேண்டாம், பின்னால் வருபவர் எடுத்து வரட்டும்.

இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்தக் கணக்கு நீங்கள் கவனித்த நேரத்திலிருந்து அல்ல, அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து தொடங்குகிறது. தூங்கி எழுந்தவர் என்றால் குழப்பம்தான். இங்கே உங்கள் செல்போன் உதவும்: அவர் கடைசியாகப் பேசிய அழைப்பு, வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவு, எத்தனை மணிக்கு என்று பார்த்து ஆம்புலன்ஸ் ஊழியரிடம் சொல்லுங்கள்.

ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். மூளையில் அடைப்பா, இரத்தக் கசிவா என்பது ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும்; கசிவாக இருந்தால் அந்த மாத்திரையே ஆபத்து. தண்ணீரும் வேண்டாம், புரை ஏறலாம்.

பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டதா? அப்போதும் மருத்துவமனைக்குப் போங்கள். அது தற்காலிக அடைப்பாக இருக்கலாம். அடுத்த இரண்டு நாட்களில்தான் பெரிய பக்கவாதம் வரும் ஆபத்து அதிகம். கிளம்பிவிட்ட ஆம்புலன்ஸை 'வேண்டாங்க, சரியாயிடுச்சு' என்று திருப்பி அனுப்பாதீர்கள்.