பொன்னி அரிசிக்கு வரும் காய்ச்சல்

பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டிலும் கிள்ளான் மளிகைக் கடையிலும் நாம் கேட்டு வாங்குவது பொன்னி அரிசி. தமிழ்நாட்டு அரிசின்னுதானே நினைக்கிறோம்? தைச்சுங் 65, மாயாங் எபோஸ் என்ற இரு நெல் வகைகளைச் சேர்த்து நம் நாட்டில் 1965-இல் வெளிவந்தது மஹ்சூரி. அதே பெற்றோர் வழியில் வந்ததுதான் கோவை வேளாண் பல்கலைக்கழகம் 1986-இல் வெளியிட்ட வெள்ளைப் பொன்னி. ஆக, பொன்னி நமக்குச் சொந்தக்காரப் பிள்ளை!

அந்தப் பிள்ளைக்கு ஒரு பலவீனம், குலைநோய். மலாயில் 'காரா' என்பார்கள். 1919-இல் தஞ்சை டெல்டா வயல்களைப் பாழாக்கிய பூஞ்சை நோய் இது.

நோய் எப்படி நுழைகிறது?

காற்றில் வரும் வித்து, பனி ஈரமுள்ள இலையில் ஒட்டி முளைக்கிறது. பிறகு கறுப்பான ஒரு சிறு குமிழை உண்டாக்குகிறது. பொறியியல் மாணவனான என்னை வியக்க வைத்தது இதுதான்: அந்தக் குமிழின் உள்ளழுத்தம் கார் டயரைவிட 30 மடங்குக்கும் அதிகம். அந்த அழுத்தத்தால் இலையைத் துளைத்து உள்ளே போய்விடும். கண் வடிவப் புள்ளி நமக்குத் தெரிய நான்கைந்து நாளாகும். அதன்பின் ஒரு புள்ளியே ஓர் இரவில் ஆயிரக்கணக்கான வித்துகளைப் பரப்பும்.

முன்கூட்டியே அறிய முடியுமா?

ஓரளவு முடியும். இலைத்துளை வழியே நீர் ஆவியாவதால்தான் இலை குளிர்ச்சியா இருக்கு. செடி தவிக்கும்போது துளைகள் மூடினால் இலை சூடாகும். வெப்பக் கேமரா அதைக் காட்டும். நலமான இலை கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அதிகமாகத் திருப்பி அனுப்பும். நலிந்தால் அது குறையும். ட்ரோன் கேமரா இதை அளக்கும்.

ஆனா ஒன்று. தெர்மோமீட்டர் காய்ச்சல்னு சொல்லும், டிங்கியான்னு சொல்லாது. அதுக்கு ரத்தப் பரிசோதனை வேணும். அதுபோல, தண்ணீர்க் குறைவாலும் இலை சூடாகும். கருவி காட்டிய இடத்துக்கு நடந்து போய் இலையைப் பரிசோதித்த பிறகே மருந்து. இல்லாவிட்டால் வயல் முழுக்க வீணாக நஞ்சு தெளிப்போம்.

குழுவில் பேச:

1. யூரியா அதிகமானால் குலைநோயும் அதிகமாகும். அப்படியிருந்தும் விவசாயி ஏன் கூடுதலாகப் போடுகிறார்?
2. செகிஞ்சான் வயலுக்குப் போனால் விவசாயியிடம் முதலில் எதைக் கேட்பீர்கள்? கேமராவைக் காட்டும் முன் அவர் அனுபவத்தைக் கேளுங்கள்.