உச்சிப்படிப்புக்கு முன் திருமாங்கல்யம்



கல்யாணத்துக்கு நாள் குறித்தாகிவிட்டால் அடுத்த கேள்வி நேரம்தான். சேவுகம்பட்டி, வத்தலக்குண்டு, நிலக்கோட்டைப் பக்கம் அன்புக்கொடி மக்கள் சிதறித்தான் இருக்கிறார்கள். சம்பந்தி வீட்டார் பெரும்பாலும் பஞ்சாங்கம் பார்க்கிறவர்களாகவே அமைகிறார்கள். "எத்தனை மணிக்கு முகூர்த்தம் வைக்கலாம்?" என்று அவர்கள் கேட்க, "எங்களுக்கு ராகு காலமெல்லாம் கிடையாது" என்று அய்யாவழி வீட்டார் வெடுக்கென்று சொல்ல, பெண்ணின் தாய் முகம் வாடி உட்கார்ந்திருப்பாள். நல்ல காரியம் பேச வந்த இடத்தில் இந்த வம்பு வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொள்ளுங்கள். பஞ்சாங்கப்படி அன்று ராகு காலம் மாலை 4.30 முதல் 6 வரை. எமகண்டம் பகல் 12 முதல் 1.30 வரை. அதே பகல் 12 மணிக்குத்தான் பதிகளிலும் தாங்கல்களிலும் உச்சிப்படிப்பு. ஊரார் ஒதுங்கி நிற்கும் வேளையில் அய்யாவின் மக்கள் தலைப்பாகை கட்டி, திருநாமம் இட்டு, ஒருமித்துப் படிக்கிறார்கள். பயத்துக்கு அங்கே இடமில்லை. ஆனாலும் தாலி கட்டுவதைப் பகல் 12க்கு முன் முடித்துவிட்டால் இரண்டு வீட்டாருக்கும் பொருந்திவிடுகிறது. எமகண்டத்துக்கு முன் முடிந்தது என்று அவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். உச்சிப்படிப்புக்கு முன் முடிந்தது என்று இவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். கடிகாரம் ஒன்றுதானே.

ஆகவே அன்றைய வேலைகளை உச்சியில் தொடங்கிப் பின்னோக்கி எண்ண வேண்டும். 12 மணிக்குப் படிப்பு என்றால் 11.30க்குள் பெரியோர் ஆசி முடிய வேண்டும். அதற்கு 11 மணிக்குத் திருமாங்கல்யம். கலியாண வாழ்த்து அருள் நூலிலேயே இருக்கிறது. படிப்பவர் முந்தின வாரமே ஒரு முறை படித்துப் பார்த்து எவ்வளவு நேரம் ஆகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. மணமக்கள் 10.30க்கு மணவறையில் இருக்க வேண்டும் என்றால், பெண்ணுக்குச் சிகை அலங்காரம் 8 மணிக்கே தொடங்கியாக வேண்டும். இந்த இடத்தில்தான் பல கல்யாணங்கள் பிந்துகின்றன.

விடியற்கால முகூர்த்தம் வைத்தால் நாகர்கோவில், சாமிதோப்புப் பக்கத்து உறவினர் ராத்திரி முழுவதும் வேனில் உட்கார்ந்து வர வேண்டும். 11 மணி என்றால் விடியுமுன் நான்கு மணிக்குக் கிளம்பினால் போதும். வயதானவர்கள் வந்ததும் குளித்துப் பலகாரம் சாப்பிட்டு மணவறையைப் பார்க்கலாம். மாலைக்கும் அவசரமில்லை. அன்று காலையில் நிலக்கோட்டைச் சந்தைக்கு வரும் பூவையே வாங்கிக் கட்டிவிடலாம். ஆனால் அது சுபமுகூர்த்த நாளாகவும் அமைந்துவிட்டால் மல்லிகை விலை எகிறும். முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

சம்பந்தி வீட்டில் யாராவது ஒரு மாமா, "ஐயரும் ஓமமும் இல்லாமல் கட்டினால் செல்லுமா?" என்று கேட்பார். செல்லும். அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967இல் இந்துத் திருமணச் சட்டத்தில் 7அ பிரிவு சேர்க்கப்பட்டது. உறவினர், நண்பர் முன்னிலையில் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகச் சொல்லி, மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலும், தாலி கட்டினாலும் போதும். அதைவிட முக்கியம், 90 நாளுக்குள் பதிவு செய்வது. 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் எல்லாத் திருமணமும் பதிவாக வேண்டும். விருந்து, மறுவீடு என்று அலைகிறபோது இது மறந்துபோகும். வயதுச் சான்று, முகவரிச் சான்று, கல்யாணப் பத்திரிகை மூன்றையும் ஒரு பையில் போட்டு ஒருவர் பொறுப்பில் விட்டுவிட வேண்டும்.

படிப்பு முடிந்ததும் 12.30க்கு முதல் பந்தி. ஒரு பந்தி எழுந்து, இலை எடுத்து, அடுத்தது உட்கார முக்கால் மணி நேரம் ஆகும். 150 பேர் உட்காரும் கூடத்தில் 450 பேர் என்றால் மூன்று பந்தி, கிட்டத்தட்ட 2.45 ஆகிவிடும். முதல் பந்தியில் யார்? மாப்பிள்ளை வீட்டார், முக்கியஸ்தர் என்று ஒதுக்குவதுதான் ஊர் வழக்கம். சாமிதோப்பில் முத்திரிக்கிணறு தோண்டி எல்லாச் சாதியாரையும் ஒரே தண்ணீரில் குளிக்கச் செய்தவர் அய்யா. அவர் பெயரால் நடக்கும் கல்யாணத்தில் பந்திக்குத் தரம் பிரிப்பது எப்படிப் பொருந்தும்? சர்க்கரை மாத்திரை போட்டவர், பிள்ளைத்தாய்ச்சி, குழந்தைகள் முதலில் உட்காரட்டும். மணமக்களும் அவர்களோடு உட்காரட்டும். போட்டோக்காரர் ஒரு மணி நேரம் காத்திருந்தால் ஒன்றும் கெட்டுவிடாது. காலை ஏழு மணிக்கு இரண்டு இட்லி தின்ற பெண் மூன்று மணி வரை சிரித்துக்கொண்டு நிற்பதுதான் கொடுமை.

சமையல்காரர், தவில்காரர், வேன் ஓட்டுநர், பாத்திரம் கழுவும் பெண்கள் ஆகியோருக்கும் மூன்றாம் பந்தியில் இலை போட வேண்டும். மிச்சம் மீதியைப் பொட்டலம் கட்டித் தருவது அன்னதர்மம் ஆகாது.

பெண் கிளம்புவதை 4.30க்கு முன் வைத்துக்கொள்ளச் சொல்லிச் சம்பந்தியம்மா கேட்பார்கள். மூன்றே முக்காலுக்கு வண்டி கிளம்பட்டும். போகும் வீடு நிலக்கோட்டையானாலும் திண்டுக்கல்லானாலும், விளக்கேற்றி, மாலை உகப்படிப்புக்கு இருவரும் சேர்ந்து நிற்க நேரம் இருக்கும்.