ஆட்டத்தை நிறுத்த வேண்டியவர் யார்?

விடுமுறையில் பொந்தியான் வரும்போது நாங்க ஐந்து பேர் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாடுவோம். 1974-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆட்டம். ஆளுக்கொரு பாத்திரம், கதையை நடத்த ஒருவர், கையில் பகடை. இதில் கூட்டாளியின் பொருளைத் திருடி, மற்றவரைப் பேச விடாமல் ஆட்டத்தைக் கெடுப்பவரும் உண்டு. கேட்டால், “என் கேரக்டர் அப்படித்தான்!” என்பார்.

மகாபாரதச் சூதாட்டச் சபையை நினைச்சுப் பாருங்க. விதுரர் முன்பே எச்சரித்தார். திரௌபதிக்காகத் துரியோதனனின் தம்பி விகர்ணனே பேசினான். ஆனால், நிறுத்தும் அதிகாரம் மன்னர் திருதராஷ்டிரரிடம் இருந்தது. அவரோ, ஜெயிச்சாச்சா என்று ஆவலாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் வரம் கொடுத்து எல்லாத்தையும் திருப்பித் தந்தார். பகை தீரவில்லை, மறுபடியும் பகடை, பிறகு வனவாசம்.

பாடம் இதுதான்: நடத்துபவர் சும்மா இருந்தால், கெடுப்பவருக்குத் துணை போகிறார்.

என்ன செய்யலாம்?

1. பகடை எடுக்கும் முன்பே, எது கூடாது என்று எல்லாரும் பேசி முடிவு செய்யுங்கள்.

2. எல்லை மீறினால் உடனே நிறுத்துங்கள். கதைக்குள் அவர் பாத்திரத்தைக் கொன்று பழிவாங்காதீர்கள். அவருக்குக் கோபம்தான் வரும், காரணம் புரியாது.

3. பிறகு தனியாக, மரியாதையாகப் பேசுங்கள். நட்பு சிரிக்க மட்டுமல்ல, எல்லை மீறும்போது இடித்துச் சொல்லவும்தான் என்கிறார் வள்ளுவர் (குறள் 784).

4. அப்பவும் மாறலைன்னா, இந்த ஆட்டத்தில் இடமில்லை என்று நேராகச் சொல்லுங்கள். நட்பு தொடரலாம்.

சிந்திக்க: உங்கள் குழுவில் ஒரு விகர்ணன் பேசினால், அடுத்து யார் பேசுவார்?